கிதாரில் டோனி அயோமி போல கனமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) வாசிக்க

1965-இல் பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலை இயந்திரம், பின்னாளில் 'பிளாக் சபாத்' ராக் குழுவின் கிதார் கலைஞரான, இடக்கைக்காரர் டோனி அயோமியின், கம்பியை அழுத்தும் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை வெட்டிவிட்டது. வயது 17. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். அழுத்த எளிதாக மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிறகு சுருதியையும் இறக்கினார்.

நீங்களும் ஆறு கம்பிகளையும் மூன்று அரைச்சுரம் இறக்குங்கள். தடித்த 'ஈ' கம்பி 'சி ஷார்ப்' ஆகும். கம்பி தளர்ந்திருக்கும், அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடும். நான் ஒரு மாதம் இதில்தான் மாட்டிக்கொண்டேன்! அப்புறம், ஆள்காட்டி விரல் ஐந்தாம் கம்பியில் (மிக மெல்லிய கம்பிதான் முதலாவது), சுண்டுவிரல் நான்காம் கம்பியில் இரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கிதாரின் உடல் பக்கம் தள்ளி. அந்த இரண்டை மட்டும் மீட்டுங்கள். மெதுவாக, அவசரப்பட்டால் கனம் போய்விடும்.