கணினியிலேயே ஏஐ: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஐ மாதிரிகளை மடிக்கணினியிலேயே நிறுவிப் பயன்படுத்தச் சமூக மன்றத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டக் கூடாது என்பதெல்லாம் வருபவர்களுக்குத் தெரியும். நான் இதில் இறங்கிய புதிதில் செய்த பிழைகளையே ஒவ்வொரு குழுவும் திரும்பச் செய்வதால் இதை எழுதுகிறேன்.

இன்காக்னிட்டோவை நம்புவது

உலாவியின் இந்த மறைநிலை, நீங்கள் பார்த்த பக்கங்களை வீட்டாரிடமிருந்து மறைக்கும், உங்களை இணையத்தளங்களிடமிருந்து மறைக்காது.

பக்கவாட்டு உதவியாளரை நிறுவுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் வந்த கணக்காளர் ஒருவர், வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக் கூடாது என்பதற்காகவே ஏஐ சிங்கப்பூரின் சீ-லயன் மாதிரியை நிறுவி, பயர்பாக்ஸ் உலாவிக்கும் மாறியிருந்தார். வைஃபையை அணைத்த பிறகும் மாதிரி தமிழில் பதில் சொன்னதைக் கண்டு அவருக்கு மகிழ்ச்சி. அதே உலாவியின் மூலையில், பக்கங்களைச் சுருக்கித் தரும் பக்கவாட்டு உதவியாளராக இலவச நீட்சி (உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்) ஒன்று அமர்ந்திருந்தது. அதன் அனுமதிப் பட்டியலைத் திறந்தால், எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவை அது அணுகலாம் என்றிருந்தது. பக்கத்துத் தாவல்களில் அவருடைய மத்திய சேம நிதி (மசேநி) கணக்கும் ஒரு வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியலும் திறந்திருந்தன.

எச்டிடிபிஎஸ் குறியாக்கம் வழியில் செல்லும் தகவலைத்தான் காக்கிறது; நீட்சியோ, குறியாக்கம் அவிழ்ந்து பக்கம் திரையில் விரிந்த பிறகு அதைப் படிக்கிறது. அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இங்கே உதவாது, ஏனெனில் உள்ளே நுழைந்து கதவைத் திறந்துவிடுபவர் நீங்களே. இன்று நல்லவர் கையிலுள்ள நீட்சி நாளை விற்கப்பட்டு, தானாக வரும் புதுப்பிப்பில் வேறு நிரலாக மாறலாம். சிங்கப்பூரின் 2012 ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாடிக்கையாளர் தகவலைக் காக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. நீட்சி படிக்கும் தகவல் எந்த நாட்டுச் சேவையகத்துக்குப் போகிறது என்று அந்தக் கணக்காளரால் சொல்ல முடியவில்லை.

வங்கி, அரசாங்கச் சேவை, அலுவலகக் கோப்பு ஆகியவற்றுக்கு நீட்சியே இல்லாத தனி உலாவிச் சுயவிவரம் ஒன்றை உருவாக்குங்கள். குரோமிலும் பயர்பாக்ஸிலும் இது சில நிமிட வேலை. மற்ற சுயவிவரத்தில் வைஃபையை அணைத்துவிட்டு, ஏற்கெனவே திறந்த பக்கத்தைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். திணறினால், உங்கள் பக்கம் இதுவரை பெரும்பாலும் வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.

0.0.0.0

கைப்பேசியிலிருந்தும் மாதிரியை அணுகும் ஆசையில் மாதிரிகளைக் கணினியில் ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளின் முகவரியை 127.0.0.1 (இந்தக் கணினி மட்டும்) இலிருந்து இதற்கு (வலையமைப்பிலுள்ள எல்லாருக்கும் திறந்தது) மாற்றுகிறார்கள். வீட்டில் பரவாயில்லை. பிறகு அதே மடிக்கணினியைக் காப்பிக்கடையின் பொது வைஃபையில் இணைக்கும்போது, வலையமைப்போ தீச்சுவரோ தடுக்காவிட்டால், அங்கிருக்கும் எவரும் ஒல்லாமாவின் வாசலான 11434 ஆம் போர்ட் வழியே உள்ளே வரலாம். ஒல்லாமா கடவுச்சொல் கேட்பதில்லை.

பெயரைப் படிக்காமல் இறக்குவது

ஒல்லாமாவின் பட்டியலிலேயே ‘கிளவுட்’ என்று முடியும் மாதிரிகள் உங்கள் கணினியில் ஓடுவதில்லை, தொலைவிலுள்ள சேவையகத்தில் ஓடுகின்றன. கணினியிலேயே ஓட, 900 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றதைத் தாங்கும் எண்கள்) கொண்ட மாதிரியை, எண்ணுக்கு நான்கு பிட் என்று சுருக்கினாலும் ஏறத்தாழ 5 ஜிபி வரும். கண்ணிமைக்கும் நேரத்தில் பதிவிறக்கம் முடிந்துவிட்டால் பெயரை மறுபடி பாருங்கள்.