வீடில்லாத இளையோருக்குத் திட்டம் போடுகிறீர்களா?

வீடில்லாத இளையோருக்கு உதவித் திட்டம் தொடங்கப்போவதாகச் சொல்லி யோசனை கேட்பவர்களிடம், முதலில் சேர்க்கைப் படிவத்தைக் காட்டச் சொல்வேன். இளையோர் தங்குமிடம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறவன் நான். நடுராத்திரியில் வந்து நிற்கும் 17 வயதுப் பிள்ளையிடம் நாலு பக்கப் படிவத்தை நீட்டினால், 'பெற்றோர் பெயர், முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். பலர் வீட்டைவிட்டு வெளியேறிய கதையே அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்குத் தகவல் போய்விடுமோ என்ற பயம் வந்தால், கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அப்படியே நழுவிவிடுவார்கள்.

முதல் ராத்திரிக்கு மூன்று கேள்விகள் போதும். உன்னை எப்படிக் கூப்பிட? உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? யாராவது உன்னைத் தேடி வருவார்கள் என்று பயமா? மற்றதெல்லாம் தூங்கி எழுந்த பிறகு. 18 வயதுக்குக் கீழே என்றால் யாருக்கு எப்போது தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை இருக்கும். அது இடத்துக்கு இடம் மாறும். அதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையிடமும் அன்றே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, யாரைத் தேடுவது? தெருவில் படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். இந்த வயதினர் நண்பர் வீட்டு சோபாவிலும் இரவுப் பேருந்திலும்தான் நாளைக் கடத்துகிறார்கள். அமெரிக்காவில் 18 முதல் 25 வயதுக்குள் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகையில் வீடின்றி இருந்திருக்கிறார் என்று 2017-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாப்பின் ஹால் என்ற ஆய்வு மையம் கண்டது. நண்பர் வீடுகளில் ஒண்டியவர்களும் அதில் அடக்கம். ஆகவே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் மாணவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களை முன்கூட்டியே கண்டறிந்து, குடும்பத்தோடும் பேசினார்கள்.

குடியை விடு, சிகிச்சைக்குப் போ, அப்புறம் வீடு தருகிறேன் என்பது பழைய முறை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்: முதலில் வீடு, மற்றவை பிறகு. நான் அந்தப் பக்கம்தான். ஆனால் அது மனநலச் சிக்கல் உள்ள பெரியவர்களுக்காக உருவான முறை. வாழ்க்கையில் ஒருநாளும் தனியாக இருந்திராத 18 வயதுக்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், அவன் பழைய கூட்டாளிகளைக் கூட்டி வந்து படுக்கவைப்பான். தனிமை தாங்காமல்தான். எனவே தனி அறை, நாலைந்து பேர் சேர்ந்த வீடு, ஒரு குடும்பத்தோடு தங்குவது என இரண்டு மூன்று வழிகளை முன்னால் வைத்து, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

விதிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடிதடி, ஆயுதம், உள்ளே போதைப்பொருள் விற்பது, இவற்றுக்குக் கண்டிப்பு வேண்டும். தாமதமாக வந்தான், எதிர்த்துப் பேசினான் என்பதற்கெல்லாம் வெளியே அனுப்பினால், வீட்டில் நடந்ததையே நீங்களும் திரும்பச் செய்கிறீர்கள். கைகலப்பு என்றால் ஆட்களைப் பிரித்து வைக்கலாம், உதவிக்கு ஆள் அழைக்கலாம். ஆனால் ஒருவரை நிரந்தரமாக வெளியேற்றும் அதிகாரத்தை இரவுப் பணியாளரிடம் கொடுக்காதீர்கள். நானே அந்த வேலையில் இருப்பதால் சொல்கிறேன். மூன்று மணிக்குக் கண் எரிய எடுக்கும் முடிவு, பத்து மணிக்குத் தேநீரோடு எடுக்கும் முடிவு ஆகாது.

சின்ன விஷயங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். பூட்டும் சாவியும் உள்ள லாக்கர், கட்டில் அருகே சார்ஜ் போட ஒரு பிளக். போனைத் தூரத்தில் சார்ஜ் போடச் சொன்னால், திருடுபோகுமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு அதை வாங்கித் தரும் வேலையை முதல் வாரமே தொடங்குங்கள். அது இல்லாமல் வேலை, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எதுவும் நகராது. ஒருவருக்கு ஒரே பணியாளர் என்று வையுங்கள். அவர் விலகினால், புதியவரை அறிமுகப்படுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைசியாகப் பணம். நன்கொடையாளர்கள் எத்தனை பேரைக் குடிவைத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். ஓராண்டு கழித்து எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் அறிக்கையில் போடுங்கள். அந்த ஓராண்டுக்கான பணியாளர் சம்பளத்தை, கட்டில் வாங்கும் முன்பே பட்ஜெட்டில் ஒதுக்கிவிடுங்கள்.