டீ கிளாஸிலிருந்து தொடங்குங்கள்: எடை குறைப்பில் சீனி, இனிப்பு மாத்திரை, தண்ணீர்

எடையைக் குறைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சோற்றில்தான் கை வைக்கிறார்கள். டீயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, கடை அடைக்கும் முன் ஒன்று என்று நாளுக்கு நாலு டீ மதுரையில் சாதாரணம். ஒரு கிளாஸுக்கு 2 தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சீனி என்று வையுங்கள். நாளுக்கு 40 கிராம். 1 கிராம் சீனி 4 கலோரி என்பதால் அது 160 கலோரி. மாதத்துக்கு 1.2 கிலோ சீனி, 4,800 கலோரி. உடலில் 1 கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். மற்ற சாப்பாட்டைத் தொடாமலே மாதம் அரைக் கிலோவுக்கு மேல் இந்தக் கிளாஸில் மட்டும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் விரும்பத்தக்க அளவு, சேர்க்கப்படும் சர்க்கரை எல்லாம் சேர்த்து நாளுக்கு 25 கிராம், அதாவது 5, 6 தேக்கரண்டி. நாலு டீயிலேயே அது தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் வருவதுதான் ஜிகர்தண்டா, பருத்திப்பால், நன்னாரி சர்பத் எல்லாம்.

முதலில் உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் வழக்கமாகப் போடும் ஸ்பூனால் பத்து ஸ்பூன் சீனியை ஒரு கிண்ணத்தில் போட்டு, மளிகைக் கடைத் தராசிலோ சமையலறைத் தராசிலோ நிறுத்துப் பாருங்கள். வழித்துவிட்ட தேக்கரண்டி 4, 5 கிராம்தான் வரும். குவித்துப் போடுகிறவர்களுக்கு 7 கிராம்கூட வரும். 'ரெண்டு ஸ்பூன்தான் போடுறேன்' என்பவர் உண்மையில் மூன்று போடுகிறார் என்பது இங்கேதான் தெரியும்.

கடையில் சீனியைக் குறைப்பது

டீ மாஸ்டர் முதலில் கிளாஸில் சீனியைப் போடுவார், அதன்மேல் டிகாஷன், பால், பிறகு ஆற்றல். டீ கையில் வந்தபின் 'சீனி கம்மியா' என்றால் பயனில்லை. கிளாஸை வரிசையில் வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். 'சீனி கம்மி' என்பதற்கு ஒவ்வொரு மாஸ்டரும் ஒவ்வொரு அளவு வைத்திருப்பார். அதைவிட 'சீனி தனியா' என்று கேட்டு நீங்களே அரை ஸ்பூன் போட்டுக்கொள்வது நம்பகமானது. கூட்ட நேரத்தில் அதற்கு வழியில்லையென்றால் 'ஆத்தாம, கலக்காம குடுங்க' என்று வாங்குங்கள். சீனியில் நல்ல பங்கு அடியிலேயே தங்கும். முக்கால் கிளாஸ் குடித்துவிட்டு அடியை விட்டுவிடலாம். பாலிலேயே சீனி போட்டுக் காய்ச்சும் இடங்களில், குறிப்பாகக் கல்யாண வீடுகளிலும் சில கேன்டீன்களிலும், இந்த வழி எதுவும் செல்லாது. அங்கே வர டீ, அதாவது பால் சேர்க்காத டீ கேளுங்கள்.

ஒரேயடியாகச் சீனியை நிறுத்துகிறவர்கள் பத்து நாளில் திரும்பிவிடுவதுதான் வழக்கம். படிப்படியாக இறங்குங்கள்: 2 ஸ்பூனிலிருந்து 1½, பிறகு 1, பிறகு ½. ஒவ்வொரு அளவிலும் 10 முதல் 14 நாள் நில்லுங்கள். முதல் மூன்று நாள் டீ கசக்கும், ஒரு வாரத்தில் அதுவே சரியாகத் தோன்றும். ஆறு, ஏழு வாரத்தில் அரை ஸ்பூனுக்கு வந்தவர்களுக்குப் பழைய டீயைக் கொடுத்தால் திகட்டும். நாக்கு அந்த இடத்துக்கு வருவதுதான் இந்த வேலையின் மையம். மாத்திரையும் தண்ணீரும் அதற்குத் துணை.

சீனிக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் என்று மாறுகிறவர்கள் இங்கே நிறைய. கருப்பட்டிக் காப்பியின் ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கருப்பட்டியும் வெல்லமும் கிராமுக்குச் சீனிக்கு நெருக்கமான கலோரிதான். தேனில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருப்பதால் 100 கிராமுக்கு 300 கலோரியை ஒட்டி வரும். காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சை, தேன் கலந்த வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பது உண்மையில்லை. 1 மேசைக்கரண்டி தேன் 60 கலோரிக்கு மேல். எலுமிச்சையை மட்டும் பிழிந்துகொள்ளுங்கள்.

மாத்திரையை எங்கே, எப்படிப் போடுவது

மருந்துக் கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று கேட்டால் கையில் கிடைப்பது பல சரக்கு. டப்பாவின் முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்) 951 என்றால் அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ், 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 954 சாக்கரின், 960 ஸ்டீவியா. அஸ்பார்டேம் சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு, சுக்ரலோஸ் 600 மடங்கு. அதனால்தான் பொட்டளவு மாத்திரை ஒரு ஸ்பூன் சீனிக்கு ஈடாகிறது. பொட்டலமாக வரும் தூளில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்ற நிரப்புப் பொருள். ஒரு பொட்டலத்தில் 3, 4 கலோரிதான், ஆனால் பெரிய டப்பாவிலிருந்து ஸ்பூன் ஸ்பூனாக அள்ளிப் போட்டால் கூடிக்கொண்டே போகும்.

அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். அடுப்பில் கொதிக்கும் டீயில் போட்டு, 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று இரண்டாவது மாத்திரையைப் போடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். டீயை வடிகட்டி டம்ளரில் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து மாத்திரையைப் போடுங்கள். அது மேலே நுரையோடு சுழன்று உடைந்து கரையும். அதற்குமுன் குடித்தால் மேலே சப்பென்றும் கடைசி மிடறு குமட்டும் இனிப்பாகவும் இருக்கும். ஆறிய டீயில் போட்டால் பாதி கரையாமல் அடியில் நிற்கும்.

சுக்ரலோஸ் டீ, காப்பிச் சூட்டைத் தாங்கும். எண்ணெயில் பொரிப்பது, ஓவனில் 120 டிகிரிக்கு மேல் வேகவைப்பது போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சூட்டில் அது சிதைந்து வேண்டாத குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம். பாயசம் செய்தால் அடுப்பை அணைத்து இறக்கியபின் சேருங்கள். அதிரசத்துக்கும் மைசூர்பாகுக்கும் இவற்றால் பயனே இல்லை: கம்பிப் பதம் என்ற ஒன்று வராது, மாவும் சேர்ந்து நிற்காது. பாகு என்பது சீனியின் எடையும் ஒட்டும் தன்மையும் சேர்ந்தது. மாத்திரையில் இனிப்பு மட்டும்தான் இருக்கிறது.

எத்தனை மாத்திரை? நாளின் நாலு டீயில், சீனி இல்லாமல் உங்களால் முடியவே முடியாத ஒரு டீயைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோருக்கு அது நாலு மணி டீ. அதற்கு மட்டும் ஒரு மாத்திரை. மற்ற மூன்றிலும் சீனியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாதம் கழித்து மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுங்கள். நாலு டீக்கும் இரண்டிரண்டு மாத்திரை என்று போனால் கலோரி குறையும், நாக்கு பழைய இடத்திலேயே நிற்கும். ஒருநாள் மாத்திரை டப்பா கையில் இல்லையென்றால் சீனி முழுதாகத் திரும்பிவிடும்.

இன்னொரு கசிவு வடை. 'டீயிலதான் சீனி இல்லையே' என்ற தைரியத்தில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு உளுந்தவடை எடுப்பது. விட்ட சீனி 40 கலோரி. நடுத்தர அளவு வடை ஒன்றே 100 கலோரியைத் தாண்டும். இனிப்பூட்டியால் எடை குறையாதவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இதைத் தடுக்க ஒரே வழி, டீயைக் கடையில் பலகாரத் தட்டுக்கு எதிரே நின்று குடிக்காமல் வாங்கிக்கொண்டு தள்ளிப் போவது.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சீனியில்லா இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஸ்டீவியாவும் அதில் அடக்கம். குறுகிய காலச் சோதனைகளில் எடை கொஞ்சம் குறைந்தாலும், நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பது காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. மாத்திரையைச் சில மாதம் மட்டும் வைத்திருந்து விட்டுவிடச் சொல்வது அதனால்தான்.

அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமைப் 'புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ளது' என்ற 2பி பிரிவில் வைத்த செய்தி வாட்ஸ்அப்பில் பலரைப் பயமுறுத்தியது. கூடவே வந்த பாதியை யாரும் அனுப்பவில்லை: நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பதை மாற்றவில்லை. 60 கிலோ உள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் பொதுவாக 20 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. குழந்தைகளுக்கு எந்த இனிப்பூட்டியும் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சுகர் ஃப்ரீ பிஸ்கட், சாக்லேட்டில் மால்டிட்டால் (965), சார்பிட்டால் (420) இருந்தால் அளவோடு நிறுத்துங்கள். மால்டிட்டாலில் கிராமுக்கு 2 கலோரி உண்டு, அதிகம் தின்றால் வயிறு உப்பிப் பேதியாகும். 'சுகர் ஃப்ரீ' அல்வாவில் நெய்யும் முந்திரியும் குறைவதில்லை.

தண்ணீரை நேரத்தோடு குடிப்பது

தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது, வெந்நீரும் கரைக்காது, சீரகத் தண்ணீரும் கரைக்காது. அது செய்வது இரண்டு வேலை: சர்பத்தும் சோடாவும் போகும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வது, சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் கொஞ்சம் இடத்தை அடைப்பது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குறைந்த கலோரி உணவோடு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன் 500 மில்லி தண்ணீர் குடித்த 55 வயதுக்கு மேற்பட்டவர்கள், அப்படிக் குடிக்காதவர்களைவிட 12 வாரத்தில் ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். மிக எளிய, காசில்லாத உதவி இது.

வீட்டு எவர்சில்வர் டம்ளரில் எவ்வளவு பிடிக்கும் என்பதை 1 லிட்டர் பாட்டிலால் ஒருமுறை அளந்து வையுங்கள். 200 மில்லி டம்ளர் என்றால் இப்படி: எழுந்ததும் 2 டம்ளர், மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் 2½ டம்ளர், நாலு மணி டீக்கு முன் 1½, இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் 2. இடையில் தாகத்துக்குக் குடிப்பதையும் சேர்த்தால் 2 முதல் 2½ லிட்டர் வந்துவிடும். நாலு மணி டீக்கு முந்தைய அந்தத் தண்ணீரை விடாதீர்கள். அந்த நேரத்து 'பசி' சில சமயம் வெறும் தாகமாகவும் இருக்கும், வடையின் பக்கம் கை போவதும் குறையும். இரவு எட்டரைக்குமேல் குறைத்துக்கொள்ளாவிட்டால் தூக்கம் கெடும்.

அக்னி நட்சத்திர நாட்களில், மதுரை 40 டிகிரியைத் தொடும்போது, வெளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது போதாது. சிறுநீர் இளமஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். அடர் மஞ்சள் என்றால் பற்றாக்குறை. கல் அடைப்பு வந்தவர்களுக்கு நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகுமளவுக்குத் தண்ணீர் தேவை. வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றக் கூடாது. சிறுநீரகம் மணிக்கு 1 லிட்டருக்கு மேல் வெளியேற்றத் திணறும், ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் ஊற்றிக் கடைந்து, உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோர் அதற்கு நல்லது. டம்ளருக்கு 30 கலோரியை ஒட்டித்தான் வரும். சித்திரைத் திருவிழாப் பந்தல்களில் நீர்மோர் வாங்கும் கை பானகத்துக்கு நீளும்போது அதில் வெல்லம் கரைந்திருப்பதை நினைவில் வையுங்கள்.

போர்த் தண்ணீர் உப்புக் கரிப்பதால் குடிக்கப் பிடிக்காமல் பலர் சர்பத்துக்குப் போகிறார்கள். நல்ல தண்ணீரை மானாமதுரை மண்பானையில் ஊற்றி, கழுவிய வெட்டிவேரைத் துணியில் முடிந்து போட்டுப் பாருங்கள். குடிக்கும் அளவு தானே கூடும். வெட்டிவேரை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும், பானையைத் தினமும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வழுவழுப்புப் படியும்.

'டயட்' குளிர்பானத்தில் கலோரி இல்லை என்பது சரிதான். சாதாரணக் கோலாவில் 300 மில்லிக்கு 30 கிராமுக்கு மேல் சீனி என்பதால், அதிலிருந்து இறங்குகிறவர்களுக்கு இடைப்படியாக அது உதவும். அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கும் என்பதால் தண்ணீரின் இடத்தில் வைக்க வேண்டாம்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்தபின், சாப்பிடும் முன் பாருங்கள். முதல் வாரத்தில் 1, 2 கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி உடல் நீர். முந்தின இரவு பரோட்டா சால்னா சாப்பிட்டிருந்தால் உப்பு இழுத்துப் பிடிக்கும் நீரால் முள் ஏறிக் காட்டும், இரண்டு நாளில் இறங்கும்.

இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகள், நீர் மாத்திரை எடுப்பவர்கள் மேலே சொன்ன தண்ணீர் அளவைப் பின்பற்றாமல் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் டீயில் சீனியை நிறுத்தும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது இனிப்பு மாத்திரை போட்ட டீயால் ஒரு பயனும் இல்லை. 3 தேக்கரண்டி நிஜச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இறங்கும் நேரத்துக்காக, இந்த மருந்துகளை எடுப்பவர்கள் சீனியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருங்கள்.