நேட்டால் போன முன்னோரைத் தேடுவது எப்படி: கப்பல் பதிவேட்டிலிருந்து ஊர் வரை

தென்னாப்பிரிக்காவில் மூட்லி, கோவெண்டர், பிள்ளை, நாயுடு, படையாச்சி என்ற பெயர்களோடு வாழும் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்காரர்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் பூட்டன் எந்த ஊர்? கேட்பவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. விடை ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஆனால் அதை வாய்விட்டுப் படித்துத் தமிழ்க் காதால் கேட்டால்தான் புரியும். உறவினருக்காகவோ, கேட்டவருக்கு உதவவோ இணையத்தில் தேட உட்காரும் தமிழ் வாசகருக்கான வழிமுறை இது.

முதலில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு பெயரோடு பார்க்கலாம். இந்தியாவில் அது முடியாது. 1871-இல் இருந்து கணக்கெடுப்பு நடந்தாலும் வீட்டுவாரிப் படிவங்கள் காக்கப்படவில்லை. நமக்குக் கிடைப்பவை அச்சான மொத்த எண்ணிக்கைகள் மட்டுமே. சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமும் 1899-இல்தான் வந்தது. ஆகவே 1860-இல் பிறந்த ஓர் உழவுத் தொழிலாளியின் பெயர் எழுத்தில் இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் அவர் கப்பலேறிய அன்று எழுதப்பட்டதுதான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிப் பதிவேடு அந்த வகையில் அரிய செல்வம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை, குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்யும் ஒப்பந்தத்தில் வந்த 1,52,184 பேரின் விவரங்கள் வரிவரியாக உள்ளன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைத் தேடும் வசதியோடு இணையத்தில் தந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு வரி. அந்த வரியில் குடியேற்ற எண், கப்பல், வந்த தேதி, பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, தாணா, கிராமம், அங்க அடையாளம், வேலைக்கு எடுத்தவர் ஆகியவை இருக்கும். எல்லா வரியிலும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்காது.

எண்ணைப் பிடியுங்கள்

பலரும் செய்வது, இன்றைய குடும்பப் பெயரைத் தட்டித் தேடுவது. அது வீண் வேலை. கப்பலேறியவர் வெறும் முனுசாமி, தந்தை பெயர் வெறும் பெருமாள். மூட்லியும் பிள்ளையும் பின்னால் நேட்டாலில் குடும்பப் பெயராக உறைந்தவை. சில வீடுகளில் சாதிப் பட்டம் அப்படி நின்றது, சில வீடுகளில் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயரானது. அதனால் ஒரே வீட்டின் அண்ணன் தம்பிகள் இரண்டு வேறு குடும்பப் பெயரில் இருப்பதும் உண்டு.

மாறாதது குடியேற்ற எண். சென்னைக் கப்பலுக்கும் கல்கத்தாக் கப்பலுக்கும் சேர்த்து ஒரே தொடராக, வந்திறங்கிய வரிசையில் அது ஏறிக்கொண்டே போகும். ஒருவர் வாழ்நாள் முழுவதும் அலுவலகங்கள் அவரை அந்த எண்ணாலேயே அறிந்தன. பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் தாய், தந்தையின் எண் வரும். ஆகவே தேடலைத் தென்னாப்பிரிக்க முனையில் தொடங்குங்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய காகிதங்களின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்: ஒப்பந்தம் முடிந்த சான்று, மூன்று பவுன் வரி ரசீது (ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீதான அந்த வரி 1914-இல் ஒழிந்தது), திருமணச் சான்று, பயண அனுமதி. பெயருக்குப் பக்கத்திலோ மேல் மூலையிலோ ஆறு இலக்கம் வரை ஒரு எண் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். சான்றிதழின் சொந்த வரிசை எண்ணும் அதே தாளில் இருக்கும் என்பதால் இரண்டையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் பட்டியலில் தட்டிப் பாருங்கள்.

வீட்டில் காகிதம் இல்லையென்றால் இரண்டு இடங்கள் உண்டு. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, நேட்டால் மாகாண இறப்புப் பதிவுகள், திருமணப் பதிவுகள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகள் ஆகிய தொகுப்புகளைப் பாருங்கள். சில படங்கள் ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைந்த நூலகத்திலோ மட்டுமே திறக்கும். அடுத்தது தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நார்ஸ் (NAAIRS) தேடுபொறி. அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைத் தேர்ந்து, இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளையும் இறந்தவர் சொத்துக் கோப்புகளையும் தேடலாம். கிடைப்பது கோப்பின் தலைப்பும் எண்ணும்தான். கோப்பைப் பார்க்க அங்கே ஒருவர் நேரில் போக வேண்டும், அல்லது நகல் கேட்டு எழுத வேண்டும்.

இறப்பு அறிவிப்புப் படிவத்தில் பிள்ளைகள், மனைவி, பெற்றோர் எல்லாம் வரும். பிறந்த இடம் என்ற கட்டத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அங்கே மதராஸ் என்று இருந்தால் சென்னை நகரம் என்று பொருளல்ல. துக்க வீட்டில் யாரோ சொன்னது அது. மாகாணமாகவும் இருக்கலாம், கப்பலேறிய துறைமுகமாகவும் இருக்கலாம்.

காதால் படியுங்கள்

எண் கிடைக்காவிட்டால் பெயரால்தான் தேட வேண்டும். தமிழ் தெரிந்தவரின் உதவி இங்கேதான் மிகவும் தேவைப்படும். சொன்னவர் தம் ஊர்ப் பேச்சில் சொன்னார். எழுத்தர் தம் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். பின்னாளில் ஒருவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றினார். மூன்று படியிலும் எழுத்து பிசகியிருக்கும்.

குறில் அகரத்துக்கு அந்தக் கால ஆங்கிலத்தில் 'யூ' எழுத்து சாதாரணம். பழனியைப் 'புல்னி' என்று வாசிக்கும்படி எழுதியது இந்தப் பழக்கத்தால்தான். உகரத்துக்கு இரண்டு 'ஓ', ஈகாரத்துக்கு இரண்டு 'ஈ' வரும். ககரம் 'கே' ஆகவும் 'சி' ஆகவும் இருக்கும், வகரம் 'வி' ஆகவும் 'டபிள்யூ' ஆகவும் இருக்கும். நடுவிலுள்ள உயிர் விழுந்துபோகும்: முனுசாமி 'மூன்சாமி' ஆவார், சின்னசாமி 'சின்சாமி' ஆவார். அம்மாள் என்பது 'அம்மா' ஆகவோ 'உம்மா' ஆகவோ முடியும். ழகரத்துக்கு நிலையான எழுத்தே கிடையாது.

ஆகவே முழுப் பெயரைத் தட்டாதீர்கள். மெய்யெழுத்துகள் உறுதியாக இருக்கும் மூன்று நான்கு எழுத்துத் துண்டை மட்டும் தட்டி, ஜில்லாவையோ ஆண்டையோ வைத்துச் சுருக்குங்கள். வரும் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும் பெயர் வாயில் வந்ததும் நம் பெயராகிவிடும். ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு பத்தியிலும் உங்கள் வாசிப்பை அடுத்த பத்தியிலும் எழுதி வையுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு திரும்பிப் போக வழி இருக்காது.

முனுசாமிகளும் வீராசாமிகளும் நூற்றுக்கணக்கில் வருவார்கள். அவர்களில் உங்களுக்கு வேண்டியவரைப் பிரித்தெடுக்கத் தந்தை பெயர் முதல் சல்லடை. அடுத்தது பக்கத்து எண்கள். குடும்பமாகப் போனவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். கண்டெடுத்த எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பேரைப் பாருங்கள். மனைவி, குழந்தை, தம்பி கிடைத்தால் அடையாளம் உறுதிப்படும். வேறு உறவே இல்லாதபோதும் அதே கிராமத்திலிருந்து சேர்ந்து வந்தவர்கள் அங்கே தெரிவார்கள். ஊர்ப் பெயர் ஒரு வரியில் சிதைந்திருந்தாலும் பக்கத்து வரியில் தெளிவாக இருக்கக்கூடும்.

வயது பெரும்பாலும் 20, 25, 30 என்று உருண்டு நிற்கும். ஐந்து ஆண்டு முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். சாதிக் கட்டத்தில், முக்கியமாகத் தொடக்கக்காலப் பட்டியல்களில், மலபார் என்று இருந்தால் கேரளத்தைத் தேடிப் போகாதீர்கள். அன்றைய ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் குறித்தார்கள். ஜென்டூ என்றால் தெலுங்கர். கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, அந்தக் கட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வேறொருவருக்காகத் தேடுகிறீர்கள் என்றால் அதைப் பொதுவெளியில் போடுவதும் சரியல்ல.

கப்பல் பெயரைத் தேதியோடு சேர்த்தே குறியுங்கள். உம்லாசி, உம்சிண்டோ போன்ற நீராவிக் கப்பல்கள் பலமுறை வந்து போனவை. வீட்டுக் கதையில் 1870-இல் வந்தார் என்று இருந்தால் அந்த ஆண்டைத் தூக்கிவிடலாம்: 1866-க்குப் பிறகு நின்ற ஒப்பந்த வருகை 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது.

ஜில்லா அன்று வேறு

ஊரைக் கண்டுபிடிப்பதில் பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். இன்றைய மாவட்ட வரைபடத்தை மூடி வையுங்கள். 1911-க்கு முன் திருவண்ணாமலை தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. சித்தூர், சந்திரகிரிப் பகுதிகள் வடஆர்க்காட்டில் இருந்தன. திருப்பத்தூர் சேலத்தைச் சேர்ந்தது. கரூர் கோயம்புத்தூரில், நாமக்கல் சேலத்தில் இருந்து, 1910 வாக்கில் திருச்சிக்குப் போயின. இராமநாதபுரம் ஜில்லா 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. வடஆர்க்காடு என்று கண்டதும் வேலூரைச் சுற்றி மட்டும் தேடினால், ஆந்திரத்தில் இருக்கும் ஊரைத் தவறவிடுவீர்கள்.

தாணா என்ற கட்டம் வடநாட்டுக் காவல் நிலைய எல்லைக்காக வந்தது. சென்னைப் பட்டியலில் அதைத் தாலுகாவாக எடுத்துக்கொள்ளுங்கள். வாண்டிவாஷ் வந்தவாசி, கஞ்சீவரம் காஞ்சிபுரம், சிங்கில்புட் செங்கல்பட்டு. தாலுகா உறுதியானதும் கிராமத்தைத் தேடுங்கள். கடைசித் துண்டு எளிதில் பிடிபடும்: பாக்கம், பட்டி, பாளையம், சேரி, நல்லூர், புரம். முதல் துண்டுதான் சிதைந்திருக்கும். தாலுகாவின் கிராமப் பட்டியலை முழுவதுமாக எடுத்து, அதே முடிவுள்ள ஊர்களை மட்டும் தனியே எழுதி, பதிவேட்டு எழுத்தோடு சொல்லிப் பாருங்கள். அன்றைய தாலுகாக்கள் பெரியவை. ஆகவே அதிலிருந்து பிரிந்த இன்றைய வட்டங்களின் பட்டியலும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால், பக்கத்து எண்காரர்களின் ஊர்கள் எதற்கு அருகில் என்று பாருங்கள்.

ஊர் தெரிந்தபின் நிலப் பதிவேட்டில் பெயர் இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். பழைய நில ஆவணங்கள் தாலுகா அலுவலகத்திலும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் போனவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. பட்டா இல்லாதவரின் பெயர் பட்டாப் பதிவேட்டில் வராது. அதைவிட ஊரில் வயதானவர்களிடம் "டர்பனுக்குப் போன வகையறா" என்று கேட்பதும், குலதெய்வக் கோயிலை விசாரிப்பதும் பயன் தரும். தென்னாப்பிரிக்க வீட்டில் இன்றும் கும்பிடும் தெய்வத்தின் பெயரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள்.

எத்தனை தேடியும் பட்டியலில் ஆள் இல்லை என்றால், அவர் ஒப்பந்தத்தில் வராமல் சொந்தச் செலவில் வந்திருக்கலாம், அல்லது மொரிஷியஸ் போய் அங்கிருந்து வந்திருக்கலாம். மொரிஷியஸ் குடியேற்ற ஆவணங்கள் மோக்கா ஊரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903-இல் தொடங்கித்தான், அங்கும் ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு உண்டு. மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இந்த அளவு முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது. அவர்களுக்குத் தோட்டத்தின் பெயரிலிருந்தும் அந்நாட்டுப் பிறப்பு, இறப்புச் சான்றிலிருந்தும் தொடங்குங்கள்.