ட்ராவல் டிரெய்லரின் சஸ்பென்ஷனை நாமே மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் ட்ராவல் டிரெய்லர்களில் (வேறொரு வண்டி பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டிகள்) பெரும்பாலானவை, சாலை அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கு, இன்றும் எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கை நம்பியே ஓடுகின்றன. இரண்டு ஆக்ஸில் (இருபக்கச் சக்கரங்களையும் தாங்கும் குறுக்குக் குழாய்), நான்கு ஸ்பிரிங் கட்டு, ஒவ்வொரு பக்கமும் முன் ஸ்பிரிங்கையும் பின் ஸ்பிரிங்கையும் இணைத்துச் சுமையைப் பகிர்ந்தளிக்கும் ஓர் ஈக்வலைசர், இவற்றைக் கோத்துப் பிடிக்கும் ஷேக்கிள் பட்டைகள், போல்ட்டுகள்: அமைப்பு இவ்வளவுதான். எளிமையான அமைப்பு என்பதால், கைவேலை தெரிந்தவர்கள் இதை வீட்டு வாசலிலேயே மேம்படுத்த முனைகிறார்கள். முனைவது நல்லதே. கூலி மிச்சமாவதோடு, வண்டியின் அடிப்பாகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் உரிமையாளருக்கு நேரில் தெரிந்துவிடும். ஆனால் இந்த வேலையில் நேரும் தவறுகளில் பல, ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே, எதை மாற்றுவது என்று முடிவு செய்யும் இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

வண்டி குலுங்குகிறது, அலமாரிக் கதவு திறந்து பாத்திரங்கள் தரையில் கிடக்கின்றன என்றதும், அதிக எடை தாங்கும் ஸ்பிரிங்கைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இதைத்தான் முதல் தவறு என்பேன். 1,750 பவுண்டு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அதைவிடக் கனமான ஒன்றைப் போட்டால், அதே எடைக்கு அது முன்னைவிடக் குறைவாகவே வளையும்; வளைந்து கொடுக்காத ஸ்பிரிங், பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளாமல் சேஸிஸ் எனும் அடிச்சட்டத்துக்கும், அங்கிருந்து சுவருக்கும், அலமாரியின் திருகுகளுக்கும் கடத்திவிடும். குலுக்கலைக் குறைக்கச் செய்த செலவு குலுக்கலைக் கூட்டும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது: ஸ்பிரிங்கை மாற்றியதால் வண்டி அதிகச் சுமை ஏற்றத் தகுதி பெற்றுவிட்டது என்ற எண்ணம். 3,500 பவுண்டு ஆக்ஸில் என்றால் அதன் குழாய், பேரிங், 10 அங்குல பிரேக் எல்லாமே அந்த எடைக்கென அமைந்தவை. அத்தகைய வண்டிகளில் பரவலாகக் காணப்படும் எஸ்டி 205/75 ஆர் 14 அளவுள்ள சி வகை டயர், 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 1,760 பவுண்டுதான் தாங்கும். ஸ்பிரிங்கில் என்ன எண் பொறித்திருந்தாலும், இந்தச் சங்கிலியில் எது மிகக் குறைவாகத் தாங்குமோ அதுவே வண்டியின் எல்லை. வண்டியின் இடது பக்கத்தில், முன்பாதியில் தயாரிப்பாளர் ஒட்டிய தகட்டில் மொத்த எடை வரம்பும் ஒவ்வொரு ஆக்ஸிலின் வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டில் செய்யும் எந்த மாற்றமும் அந்த எண்களை உயர்த்தாது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், தண்ணீர், எரிவாயு, துணிமணி, சமையல் சாமான் எல்லாவற்றோடும் வண்டியை நெடுஞ்சாலை ட்ரக் நிறுத்தத்தில் உள்ள எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் குறைக்க வேண்டியது சுமையை. இழுக்கும் வண்டியோடு டிரெய்லரை இணைக்கும் ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்; அது குறைந்தால் வண்டி பின்னால் அலையும், அந்த அலைச்சலை எந்த ஸ்பிரிங்கும் நிறுத்தாது.

உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் விலை குறைந்த ஒரு சிறு பாகத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்தப்படும் ஸ்பிரிங்கின் கண்களுக்குள்ளும் (முனையில் உள்ள வளையங்கள்) ஈக்வலைசரின் நடுத்துளையிலும் இருப்பவை பெரும்பாலும் நைலான் புஷ்கள், அதாவது போல்ட்டைச் சூழ்ந்திருக்கும் உறைகள். அவற்றினூடே செல்லும் போல்ட்டுக்குக் கிரீஸ் போட வழியே இருக்காது. சில ஆயிரம் மைல் ஓடிய வண்டியில் ஒரு ஷேக்கிள் போல்ட்டைத் தட்டி வெளியே எடுத்துப் பாருங்கள். நைலான் செதில் செதிலாகக் கொட்டும். போல்ட்டின் ஒரு பக்கத்தில், சுமை தாங்கிய இடத்தில், நகம் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். ஷேக்கிள் பட்டையின் வட்டத்துளை முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கும். இரண்டு ஸ்பிரிங்குகளின் சுமையும் வந்து சேரும் ஈக்வலைசரின் நடு போல்ட்டில் இந்தத் தேய்மானம் இன்னும் அதிகம். இந்தத் தளர்ச்சியை அப்படியே விட்டுவிட்டு மேலே புதுப் பாகங்களை ஏற்றுவது வீண். வெண்கல புஷ், கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட், கால் அங்குலத் தடிமனுக்குப் பதிலாக அரை அங்குலத் தடிமன் கொண்ட ஷேக்கிள் பட்டை ஆகிய மூன்றும் சேர்ந்த கிட் ஒன்றே, செய்யக்கூடிய மேம்பாடுகளில் செலவுக்கு மிக அதிகப் பலன் தருவது என்பது என் உறுதியான கருத்து.

அந்த கிட்டைப் பொருத்துவதிலும் பிழைகள் நேர்கின்றன. போல்ட்டின் தலைக்கு அடியில் உள்ள பல் வரிகள் துளையில் இறுகி, போல்ட் சுழலாமல் பிடித்துக்கொள்வதற்காக இருப்பவை. அவற்றைச் சுத்தியலால் நேராகத் தட்டி இறக்கியபின் நட்டை மட்டுமே திருக வேண்டும். தலையைப் பிடித்துத் திருகினால் பற்கள் துளையை அரித்துவிடும், பிறகு போல்ட் ஒவ்வொரு அசைவுக்கும் சுழன்று, ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு பிணைக்கும் ஹேங்கர் தகட்டையே தின்னும். போல்ட்டின் பக்கவாட்டில் உள்ள கிரீஸ் துளை மேலோ கீழோ நோக்காமல், கடிகாரத்தின் 3 அல்லது 9 மணித் திசையில் இருக்க வேண்டும். சுமை அழுத்தும் பக்கத்தை நோக்கியிருந்தால் துளை அடைபட்டு, கிரீஸ் துப்பாக்கியை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இறங்காது. அப்படி இறங்காதபோது சேஸிஸைத் தூக்கிச் சுமையை எடுத்துவிட்டுப் போட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும். ஷேக்கிள் நட்டை முழு பலத்தோடு இறுக்குவதும் தவறு. அது சுழல வேண்டிய மூட்டு. பட்டைகள் தடையின்றி அசையும் அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும், கழன்றுவிடாமல் காப்பது பூட்டு நட்டின் வேலை.

இதற்கு அடுத்தபடியாக நான் பரிந்துரைப்பது ரப்பர் பொதிந்த ஈக்வலைசர். டெக்ஸ்டர், லிப்பர்ட், மோர்ரைடு ஆகிய நிறுவனங்கள் இவ்வகையைத் தயாரிக்கின்றன. அலாஸ்கா நெடுஞ்சாலையில் யூகான் பகுதியைக் கடப்பவர்களுக்கு, உறைபனியால் மேலெழும்பி அலை அலையாகக் கிடக்கும் சாலையில் இதன் அருமை தெரியும். ஆனால் இது சாதாரண ஈக்வலைசரைவிடக் கூடுதலாக அசைந்து கொடுப்பது. வாங்குவதற்கு முன் இரண்டு ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரத்தையும், டயருக்கும் சக்கரக் கூண்டின் கூரைக்கும் இடையே உள்ள இடைவெளியையும் அளக்காமல் விட்டால், முதல் பெரிய பள்ளத்திலேயே டயர் கூண்டில் உரசும்.

அளவெடுப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டிய நிலை வந்தால், அதாவது பட்டை முறிந்திருந்தாலோ தட்டையாகப் படிந்துபோயிருந்தாலோ, பழைய ஸ்பிரிங்கின் கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தை மட்டும் அளந்து புதியதை வாங்காதீர்கள். படிந்த ஸ்பிரிங்கில் வளைவு குறைந்து அந்தத் தூரம் சற்று நீண்டிருக்கும். பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், தடிமன், கண்ணின் விட்டம், இரு முனையிலும் கண் உள்ளதா அல்லது ஒரு முனை வழுக்கும் வகையா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, ஆக்ஸில் குழாயின் நடுவில் ஒட்டியிருக்கும் அடையாளத் தகட்டின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்து வாங்குவதே சரி. ஒன்று முறிந்ததென்று ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாயும்.

வண்டியைத் தூக்கும் முறையில் செய்யும் தவறைத் திருத்திக்கொள்ள வழி இல்லை, அது உயிர் சம்பந்தப்பட்டது. இழுக்கும் வண்டியோடு டிரெய்லரை இணைத்தே வைத்து, வெளியே நீளும் அறைகளை உள்ளே இழுத்து, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தபின், ஹேங்கருக்கு அருகே சேஸிஸின் பிரதான இரும்பில்தான் ஜாக்கியை வைக்க வேண்டும். ஆக்ஸில் குழாயின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் குழாய் வளையும்; கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு பிறகு டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும்போதுதான் வெளிப்படும். மூலைகளில் உள்ள நிலைநிறுத்தும் கால்கள் வண்டி ஆடாமல் இருப்பதற்கானவை, தூக்குவதற்கானவை அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. உறுதியான தரையில் நிற்கும் ஜாக் ஸ்டாண்டுகளில் சேஸிஸ் முழுமையாக அமர்ந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். ஆக்ஸிலை ஸ்பிரிங்கிலிருந்து பிரிக்கும் முன் அதைத் தனியாக வேறொரு ஜாக்கியில் தாங்குங்கள்; இல்லையென்றால் அது சட்டென்று கீழிறங்கி, பிரேக் வயரை அறுத்துக்கொண்டு போகும்.

ஆக்ஸிலையும் ஸ்பிரிங்கையும் இறுகப் பிடிக்கும் யூ-போல்ட்டுகளைக் கழற்றினால், அவற்றை மறுபடி பயன்படுத்தக் கூடாது. முதல்முறை இறுக்கும்போதே அவற்றின் மரைகள் நீண்டு உருமாறிவிடுகின்றன. இரண்டாம் முறை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு காட்டும் எண் உண்மையான பிடியைக் காட்டாது. புதிய யூ-போல்ட்டை இறுக்கும் முன், ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை, ஆக்ஸில் இருக்கையின் துளைக்குள் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது சற்று விலகி அமர்ந்தால் ஆக்ஸில் கோணலாகிவிடும், நூற்றுக்கணக்கான மைலுக்கு டயர் இழுபட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பிடிக்கும் நான்கு நட்டுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

கூடுதல் உயரம் வேண்டும் என்பவர்கள் ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிவைப்பதுண்டு. ஏறத்தாழ 4 முதல் 6 அங்குலம் உயரும். இங்கே ஆக்ஸிலையே தலைகீழாகத் திருப்பிவிடுவதுதான் பெரும் பிழை. பல ஆக்ஸில் குழாய்கள் நடுவில் சற்று மேல்நோக்கி வளைத்தே செய்யப்படுகின்றன. சுமை ஏறும்போது அந்த வளைவு நிமிர்ந்து சக்கரம் செங்குத்தாக நிற்கும். தலைகீழானால் சுமை அந்த வளைவைக் கூட்டி, டயரின் உள்விளிம்பைத் தின்றுவிடும். ஆக்ஸிலை அதே நிலையில் வைத்து, குழாயின் மேற்பக்கத்தில் புதிய ஸ்பிரிங் இருக்கையை வெல்டிங் செய்வதே முறை, அதையும் தேர்ந்த வெல்டரிடம் விடுவதே நல்லது. வண்டியின் அடியில் எரிவாயுக் குழாயும் வயர் கட்டுகளும் பிளாஸ்டிக் மூடியும் தொட்டிகளும் நெருக்கமாக இருக்கும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல், எரிவாயுவை அடைக்காமல் தீப்பொறி பறக்க விடுவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உயர்ந்த வண்டிக்கு ஹிட்ச் உயரத்தையும் மாற்றி வண்டியை மட்டமாக்க வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங்கை அகற்றிவிட்டு, குழாய்க்குள் உள்ள ரப்பரே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் ஆக்ஸில் போடுவதை வீட்டில் செய்யும் வேலையாக நான் கருதவில்லை. அதன் சுமை சேஸிஸில் விழும் இடங்களே மாறிவிடுகின்றன, அந்த இடங்களில் இரும்பு போதுமானதா என்று கணக்கிட்டுச் சொல்ல ஆள் வேண்டும். குழாயில் நேரடியாக வெல்டிங் செய்தால் உள்ளிருக்கும் ரப்பர் வெந்து கெட்டுவிடும். ஹேங்கர்களுக்குக் குறுக்கே இரும்புத் தாங்கி போடுவது அப்படியல்ல, பயனுள்ள வேலை. முகாமிடத்தில் ரிவர்ஸ் எடுத்துக் குறுகலாகத் திருப்பும்போது கீழே குனிந்து பார்த்தால், முன் டயர் ஒரு திசையிலும் பின் டயர் மறு திசையிலும் முறுக்கிக்கொண்டு நிற்பது தெரியும். அந்த முறுக்கல் முழுவதையும் பக்கவாட்டில் தாங்குவது மெல்லிய ஹேங்கர் தகடுகள்தாம். அவற்றின் வெல்டிங் ஓரத்தில் துருக் கோடு போலத் தெரிவது வெடிப்பாக இருக்கலாம், கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும், ஹிட்ச்சில் பூட்டும் முன்முனையான கப்ளரின் நடுவிலிருந்து முன் ஆக்ஸிலின் இரு முனைகளுக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் எட்டில் ஒரு பங்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சுமையோடு மட்டமான தரையில் நிற்கும்போது ஈக்வலைசர் ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பிரேக்கும், டிரெய்லர் கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் அவசர நிறுத்தச் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று வண்டியை நகர்த்திப் பார்த்தபின்பே சாலைக்கு எடுங்கள். அரை அங்குலச் சக்கர நட்டுகளை 90 முதல் 120 அடி-பவுண்டுக்குள், நட்சத்திர வரிசையில், படிப்படியாக இறுக்கி, 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடி டார்க் ரெஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும். 50 மைலில் நிற்கும்போதே யூ-போல்ட் நட்டுகளையும், தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள அளவுக்கு, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.