இருபது கண்ணியில் தொடங்குங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், 23 வயதில், நிட்டிங் ஊசியைக் கையில் எடுத்தேன். பகலெல்லாம் திரையில் நான் செய்த எதையும் தொட்டுப் பார்க்க முடியாது. ராத்திரி ஒரு மணி நேரம் பின்னினால் நாலு விரற்கடை துணி கையில் இருக்கும். அந்த நாலு விரற்கடைக்காகத்தான் இன்றும் பின்னுகிறேன்.

5 மி.மீ. தடிமனுள்ள ஒரு ஜோடி மூங்கில் ஊசியும், சற்றுத் தடித்த கம்பளி நூல் உருண்டை ஒன்றும் போதும். உலோக ஊசியில் கண்ணிகள், அதாவது ஊசியில் கோத்து நிற்கும் நூல் வளையங்கள், வழுக்கி ஓடும், மூங்கிலில் நிற்கும். நூல் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பில் எது கண்ணி, எது இடைவெளி என்றே தெரியாது. பருத்தி நூல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கம்பளி இழுபட்டுச் சுருங்குவதால், கை ஒரு நேரம் இறுக்கி ஒரு நேரம் தளர்த்திப் பின்னினாலும் அவ்வளவாகத் தெரியாது. பருத்தியில் அப்படியே தெரிந்துவிடும்.

ஊசியில் 20 கண்ணி ஏற்றுங்கள். இதை ஒரு வீடியோவில் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதே சுலபம். பிறகு நாலே அசைவுதான்: வலது ஊசியை இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாகக் குத்துங்கள், நூலை அதன்மேல் சுற்றுங்கள், சுற்றிய நூலைக் கண்ணி வழியாக இழுங்கள், பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி, மறுபடியும் அதே.

என் முதல் மஃப்ளர் 20 கண்ணியில் தொடங்கி 31 கண்ணிக்கு விரிந்துவிட்டது. ஏனென்று புரிய ஒரு வாரம் ஆனது. வரிசைத் தொடக்கத்தில் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். அப்படிச் செய்தால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் (வளையத்தின் இரு பக்கங்களும்) மேலே ஏறி, இரண்டு கண்ணிபோல நிற்கும். நாம் இரண்டையும் பின்னிவிடுவோம். நூல் ஊசிக்கு அடியில் தொங்கட்டும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் எண்ணுங்கள்.

தப்பு வந்தால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும், எல்லாம் பிரிந்து மறுபடி நூலாகிவிடும். எதுவும் வீணாவதில்லை. அந்த மஃப்ளரை மூன்று முறை பிரித்தேன். மூன்றாவது முறை எனக்குக் கோபமே வரவில்லை. வேறெந்த வேலையிலும் இவ்வளவு நிதானமாக நான் தோற்றதில்லை, அது பிடித்திருந்தது.

ஒரு கண்ணி மட்டும் நழுவி ஏணிபோல இறங்கினால் பதற வேண்டாம். நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாகக் கோத்து மேலே கொண்டுவரலாம்.

இதெல்லாம் பழகிய பிறகு, நூலை முன்னால் வைத்துப் பின்னும் மறுபக்கப் பின்னலை (பர்ல்) கற்கலாம். ஒரு வரிசை முதலில் கற்ற பின்னல், ஒரு வரிசை மறுபக்கப் பின்னல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கடைகளில் பார்க்கும் ஸ்வெட்டர்போல வழவழப்பாக வரும். ஓரங்கள் சுருண்டுகொள்ளும். அது அந்தப் பின்னலின் இயல்பு, உங்கள் தப்பில்லை. இரண்டாவது உருண்டை வாங்கும்போது லேபிளில் உள்ள சாயத் தொகுதி எண்ணை (ஒரே தடவையில் சாயமிட்ட நூலுக்கு ஒரே எண்) பாருங்கள், எண் மாறினால் நிறமும் லேசாக மாறலாம்.

முடித்ததைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் ஒற்றி, சமமாகப் பரப்பிக் காயவிடுங்கள். மேடும் பள்ளமுமாக இருந்த என் கண்ணிகள் மறுநாள் காலையில் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்திருந்தன. விரலால் வருடிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.