டெல்டாவிலிருந்து அங்கோர், கடாரம், ஜாவா வரை: வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பயணம் செய்து படமெடுக்கும் முறை

சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீர் வரும் வரையிலான மாதங்கள்தாம் காவிரி டெல்டாவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நீண்ட பயணத்திற்கு வாய்க்கும் காலம். தென்கிழக்காசியப் பயணத்திற்கும் இந்த இடைவெளி பொருத்தமானதுதான். ஆனால் ஊர்களின் வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கம்போடியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையற்ற பருவம். ஜாவாவிலோ நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். எனவே பிப்ரவரி நடுவில் கம்போடியாவில் தொடங்கி, மார்ச் மாதத்தில் மலேசியாவுக்கு இறங்கி, ஏப்ரல் பிறந்த பின் ஜாவாவை அடைந்து, சிங்கப்பூர் வழியே திரும்புவது நல்லது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் உள்ளதால், ஒரு நகரின் வழியே சென்று மற்றொன்றின் வழியே திரும்பினால் ஒரே பாதையை இருமுறை கடக்க வேண்டியதில்லை. கம்போடியாவை ஏப்ரலுக்குத் தள்ளினால் வெயில் தாங்காது. ஜாவாவைப் பிப்ரவரிக்கு இழுத்தால் படங்களில் மேகமூட்டம்தான் மிஞ்சும்.

காகித வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். அதில் வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் உள்ளது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தை மட்டுமே நம்புங்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர், வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளமன்று. வீட்டில் அரைத்த மசாலாப் பொடிகளை எடுத்துச் செல்வோர் கசகசா கலந்தவற்றை விட்டுச் செல்வது நலம், ஏனெனில் சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். கம்போடியாவில் அமெரிக்க டாலர் தாராளமாகப் புழங்குகிறது. ஆயினும் சிறிது கிழிந்த நோட்டைக்கூட வாங்க மறுப்பார்கள் என்பதால், பணமாற்றுக் கடையிலேயே ஒவ்வொரு நோட்டையும் பார்த்து வாங்குங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டிய கருவிகள்

இத்தகைய பயணத்திற்கு நல்ல செல்போன் ஒன்றே போதுமானது என்பது என் கருத்து. கேமரா பழகியவர்கள் ஒரு கேமராவையும், அகலக் கோணத்திலிருந்து ஓரளவு தொலைவு வரை எட்டும் ஒரே ஒரு ஜூம் லென்ஸையும் கொண்டு செல்லலாம். இரண்டாவது லென்ஸ் பெரும்பாலும் தோளுக்குச் சுமையாகவே முடியும். விலையுயர்ந்த கேமராவை எடுத்துச் செல்வோர், புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்க அலுவலரிடம் அதன் வரிசை எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது அது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி எழாது.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே செல்லலாம். பெட்டியில் வைத்து அனுப்பக் கூடாது. விமான நிறுவனங்கள் பொதுவாக 100 வாட்-மணி வரை தடையின்றி அனுமதிக்கின்றன. மில்லி ஆம்பியர்-மணி (mAh) எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். அதன்படி 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணி. எண்கள் அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்ள வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூன்று பட்டை முனைகள் கொண்ட பிளக்கும், இந்தோனேசியாவில் இரண்டு உருளை முனைகள் கொண்ட பிளக்கும் பயன்படுகின்றன. எல்லா இடங்களிலும் மின்னழுத்தம் நம் ஊரைப் போன்றதே என்பதால், முனையை மாற்றித் தரும் அடாப்டர் மட்டும் போதும்.

செல்போன் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும், கேமரா மாற்றிக்கொள்ளாது. கம்போடியாவும் ஜாவாவும் நம்மைவிட ஒன்றரை மணி நேரமும், மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரமும் முன்னால் உள்ளன. ஒவ்வொரு நாட்டிலும் இறங்கியவுடன் கேமராவின் கடிகாரத்தைத் திருத்தாவிட்டால், பிறகு இரண்டு கருவிகளின் படங்களையும் ஒன்றாக வரிசைப்படுத்தும்போது விடியற்காலைப் படம் பின்னிரவு நேரத்தில் போய் நிற்கும்.

தாராசுரத்தில் ஒரு பயிற்சி

புறப்படுவதற்கு முன் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயிலான இதுவும், கம்போடியாவில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட் கோயிலும் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்லின் மீது வெளிச்சம் விழும் முறையை இங்கே கற்றுக்கொண்டால் அங்கே தடுமாற வேண்டியதில்லை. விமானத்தின் அடிப்பகுதியில் பெரியபுராணக் காட்சிகள் சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. சூரியன் சுவருக்கு நேர் எதிரே இருக்கும் வேளையில் ஒரு சிற்பத்தையும், வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக வழியும் வேளையில் அதே சிற்பத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் படத்தில் உருவங்கள் கல்லோடு கல்லாகத் தட்டையாகத் தெரியும். இரண்டாவதில் மூக்கும் முழங்கையும் நிழலால் எழுந்து நிற்கும். புடைப்புச் சிற்பத்தைப் பொறுத்தவரை, எந்தக் கேமரா என்பதைவிட எந்த நேரம் என்பதே முக்கியம்.

உயரமான விமானத்தை அருகில் நின்று, செல்போனை அண்ணாந்து பிடித்து எடுத்தால் அது பின்னோக்கிச் சாய்ந்தது போலத் தெரியும். இயன்றவரை பின்னால் சென்று, செல்போனைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்து, கீழே அதிகமாக விழும் தரையைப் பின்னர் வெட்டிவிடுங்கள். அகலக் கோண லென்ஸைக் கடைசி வழியாக மட்டும் கையாளுங்கள். அது ஓரங்களில் உள்ள தூண்களையும் மனிதர்களையும் இழுத்து விகாரமாக்கிவிடும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கு அனுமதி தேவைப்படும் என்பதால், தூணில் தோளைச் சாய்த்து மூச்சை அடக்கிப் படமெடுக்கவும் இங்கேயே பழகிக்கொள்ளலாம்.

அங்கோர்: திசையைக் கொண்டு வகுக்கும் நாள்திட்டம்

அங்கோர் நுழைவுச்சீட்டில் உங்கள் படம் அச்சிடப்படுவதால் அதை வேறொருவர் பயன்படுத்த முடியாது. ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்பதால் நீண்ட பயணத்திற்கு அதுவே ஏற்றது. ஒரு நாள் கோயில்களுக்கும் ஒரு நாள் ஓய்வுக்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடியும். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை கட்டாயம்.

நம் ஊர்ச் சிவாலயங்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை; அங்கோர் வாட் மேற்கு நோக்கியது. இந்த ஒரு செய்தியே அங்கே உங்கள் நாள்திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். காலையில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் எழுவதால், மேற்குப் பக்கக் குளக்கரையில் நிற்போருக்குக் கோபுரங்களின் கருநிழலும் சிவந்த வானமும் கிடைக்குமே தவிர, கல்லின் நிறம் கிடைக்காது. கல்லின் நிறம் வேண்டுமானால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வர வேண்டும். ஆகவே ஒரு காலையும் வேறொரு நாளின் மாலையும் இந்தக் கோயிலுக்கென்றே வேண்டும்; ஒரே வருகையில் இரண்டையும் முடிக்க நினைப்பவர்கள் நடுப்பகல் வெயிலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

விடியலுக்குக் காலை ஐந்து மணிக்கே வாயில் திறக்கும். வடபுறக் குளத்தின் கரையில் இடம்பிடித்து, செல்போன் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் செம்மை வெளிறிப் போகாது. மார்ச் 21 வாக்கில், பகலும் இரவும் சமமாகும் நாட்களில், மேற்கு வாயிலுக்கு நேராக நிற்பவர்களுக்குச் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சியில் எழுவதாகத் தெரியும். அந்த நாட்களில் கூட்டம் மிக அதிகம் என்பதால், அதற்காகவே பயணத்தை வளைக்கத் தேவையில்லை என்பேன்.

சூரியன் எழுந்தவுடன் பெரும்பாலோர் சிற்றுண்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்போது நீங்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டு கிழக்குத் திருச்சுற்றுக்குச் செல்லுங்கள். அங்கே ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்தில் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. தூண்களுக்கிடையே காலை வெளிச்சம் நன்றாகப் புகுவது இந்தப் பக்கத்தில்தான். முழுவதையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால் எல்லாம் எறும்பளவாகிவிடும். அசுரர்கள் வாசுகியைப் பிடித்திருக்கும் இடக் கோடி, நடுவில் திருமால், தேவர்கள் நிற்கும் வலக் கோடி என மூன்று படங்கள் எடுத்து, பிறகு ஒரே ஒரு முகத்தையோ கையையோ நெருக்கமாக எடுங்கள். குருச்சேத்திரப் போரும் இலங்கைப் போரும் மேற்குத் திருச்சுற்றில் இருப்பதால் அவற்றை மாலை வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சிற்பங்கள் அப்பிரதட்சிணமாக, அதாவது கோயிலை இடப்பக்கம் வைத்து நடக்கும்போதே கதை வரிசையில் வரும்படி அமைந்தவை. வலம்வரும் பழக்கத்தில் நடந்தால் கதை தலைகீழாகப் பதிவாகும்.

அங்கோருக்கு அருகிலுள்ள சியாம் ரீப் நகரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பன்டே ஸ்ரீ கோயிலை டெல்டாக்காரர்கள் தவறவிடக் கூடாது. 967இல் குடமுழுக்கான இந்தச் சிறிய சிவன் கோயில் செம்மணற்கல்லால் ஆனது. கிழக்கு நோக்கியது என்பதால் காலையில் திறந்தவுடன் செல்ல வேண்டும். ஆடும் சிவனுக்கு அருகே மெலிந்த உடலோடு அமர்ந்திருக்கும் பெண்ணுருவை ஆய்வாளர்கள் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கின்றனர். சிற்பம் வாயிலின் மேல் முகப்பில் உயரத்தில் இருப்பதால், அருகே சென்று அண்ணாந்து எடுக்காமல், தள்ளி நின்று இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமில் எடுத்தால்தான் முகம் தெளிவாக வரும். மரவேர்கள் கவிந்த தா புரோம் கோயிலுக்கு இதற்கு நேர்மாறான கணக்கு: இலைகளின் வழியே விழும் உச்சி வெயில் படத்தைப் புள்ளிபுள்ளியாக்கிவிடும் என்பதால், மேகமூட்டமான வேளையே அங்கு நல்லது.

கடாரமும் உறவினர் வீடுகளும்

இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை நினைத்துக்கொண்டு அன்றைய கடாரமான மலேசியாவின் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்குச் செல்பவர்கள், அங்கே கங்கைகொண்ட சோழபுரம் போன்ற ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். மீட்டமைக்கப்பட்ட சிறு கோயில்களின் அடித்தளங்களும் ஒரு அருங்காட்சியகமுமே உள்ளன. தரையோடு கிடக்கும் அடித்தளத்தை நின்றபடி எடுத்தால் வெறும் கல்மேடாகத்தான் தெரியும்; மேட்டில் ஏறி மேலிருந்து எடுத்தால் கருவறையும் மண்டபமும் அமைந்த முறை விளங்கும்.

மலேசியாவில் பலருக்கு இதைவிட மதிப்பு மிக்க படங்கள் உறவினர் வீடுகளில்தான் இருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு சென்ற குடும்பங்களின் பழைய ஆல்பங்களில், இங்கே நம்மிடம் இல்லாத தாத்தா பாட்டி படங்கள் இருக்கும். மூத்தவர்களிடம் அனுமதி கேட்டு அவற்றைப் படியெடுங்கள். நேரடி வெயில் படாத சன்னலோரம் மேசையில் படத்தை வைத்து, ஃப்ளாஷை அணைத்து, செல்போனைப் படத்திற்கு இணையாகப் பிடித்து எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து எளிதில் வரும் படத்தை வெளியே எடுக்கலாம்; ஒட்டிப்போனதைப் பிய்க்காதீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஊர்ப் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். படத்தில் இருப்பவர் யார் என்பதை அத்தையோ பெரியப்பாவோ சொல்லும்போது அந்தக் குரலையும் பதிவு செய்துகொண்டால் பெயர்கள் குழம்பாது.

ஜாவா

யோக்யகர்த்தா நகரில் தங்கிக்கொண்டு பிரம்பனான் இந்துக் கோயில்களையும் போரோபுதூர் பௌத்தத் தலத்தையும் தனித்தனி நாட்களில் பாருங்கள். பிரம்பனானின் சிவன் கோயில் 47 மீட்டர் உயரமுள்ளது. இங்கே இராமாயணச் சிற்பங்கள் பிரதட்சிணமாகவே செல்வதால் நம் கால்களுக்குப் பழகிய வழிதான். தென்புறச் சிற்றறையில் அகத்தியர் நிற்கிறார். அறை இருட்டாக இருக்கும். இரவுப் பயன்முறையில் இரு கைகளாலும் செல்போனை மார்போடு அணைத்துப் பிடித்து அசையாமல் எடுங்கள். போரோபுதூரின் மேல்தளங்களுக்கு ஏற நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே, வழிகாட்டியுடன், அவர்கள் தரும் செருப்பணிந்து செல்ல அனுமதி உண்டு. அந்தச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிட்டு, அதன் பிறகு விடுதியை முடிவு செய்யுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்தவுடன் லென்ஸில் பனி படரும். துடைத்தாலும் மீண்டும் படரும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்துக் கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பின் எடுப்பதே வழி. பிக்குகளையும் சந்தையில் விற்பவர்களையும் கேட்டுவிட்டு எடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுத்துக்கொள்வதைத் தவிருங்கள். மூலவரைப் படமெடுக்கக் கூடாது என்று பழகிய நமக்கு இது புதிதல்ல. ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம். அனுமதி பெறும் அலைச்சலுக்கு ஈடான படம் கிடைப்பதில்லை.

இரவு வேலை

ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் அரை மணி நேரம் அன்றைய படங்களைக் கழித்துவிடுங்கள். ஒரே காட்சியின் பத்துப் படங்களில் இரண்டை வைத்துக்கொண்டால் போதும். ஒரு நிமிட 4கே வீடியோ 200 முதல் 400 எம்பி வரை இடம் பிடிக்கும் என்பதால், வீடியோவைச் சிறு துண்டுகளாக எடுங்கள். கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி மட்டுமே, மின்னஞ்சலும் அதற்குள்தான். ஆகவே சிறந்தவற்றை மட்டும் விடுதி வைஃபையில் மேலேற்றி, அனைத்தையும் ஒரு சிறிய வெளி வன்தட்டில் படியெடுத்து, அதைக் கேமரா இருக்கும் பையில் வைக்காமல் வேறொருவரின் பையில் வையுங்கள். நிரம்பிய மெமரி கார்டை ஊர் திரும்பும் வரை அழிக்காதீர்கள். அன்றைய கோயிலின் பெயரையும் எந்தப் பக்கச் சுவர் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். வரிசையாகப் பல கோயில்களைப் பார்த்தபின் எல்லாத் தூண்களும் ஒன்றுபோலவே தோன்றும்.

திரும்பிய பின் ஒரு மாதத்திற்குள் நூறு படங்களைத் தேர்ந்தெடுத்து, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ உள்ள நல்ல கலர் லேபில் நான்குக்கு ஆறு அளவில் அச்சிடுங்கள். பின்பக்கம் ஊரையும் நாளையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும். மலேசிய உறவினர்களின் ஆல்பத்திலிருந்து படியெடுத்தவற்றை இரண்டு பிரதிகளாக அச்சிட்டு, ஒன்றை அவர்களுக்கே அஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.